எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு

கோபப்படக் கூடாது என்று எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள். கான்சர் வந்து போனவர்கள் கோபப்பட்டால் அது திரும்பி வந்துவிடுமாம். ஆலயத்தில் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா சொன்னாள், அடுத்த வீட்டு வாத்தியார் சொன்னார், செக்கப்புக்குப் போன இடத்தில் ரத்தம் எடுக்கிற பெண்கூடச் சொன்னாள். எனக்குச் சிகிச்சை அளித்த டாக்டரிடமே கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் கிடையாது, தாராளமாகக் கோபப்படலாம் என்று சிரித்தாள். அதனால் இதை டாக்டருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

என் பெயர் ஷீபா. குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் இடையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. ஒரு முந்திரி ஆலையில் மேற்பார்வை வேலை செய்கிறேன். கணவர் வில்சன் பல வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து, இப்போது ஹார்டுவேர் கடை நடத்துகிறார். ஒரே மகள் ஜெனிஷா. எனக்கு நோய் தெரிந்தபோது அவள் எட்டாம் வகுப்பு.

முதலில் வந்தது வெள்ளைபடுதல். பிறகு மாதவிலக்கு ஒழுங்கு தவறியது. நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் நடப்பதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு விலக்குக்கு நடுவிலும் உதிரம் படத் தொடங்கியபோது ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பெண் டாக்டர், கைராசிக்காரர் என்று பெயர். வாசல் வரை கூட்டம். வயது கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், விலக்கு நிற்கப் போகிற காலம், ஹார்மோன் மாறுகிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

ஒன்றரை வருடம் அந்த மாத்திரையைத் தின்றேன். அவ்வளவு காலத்திலும் அவர் ஒரு முறைகூட நாற்காலியை விட்டு எழுந்து என்னைப் பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்கிற மேசை அதே அறையில் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தது. காற்றில் திரை விலகும்போது பார்ப்பேன். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டிகளை மேசை நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பெண் ஏறிப் படுக்க அதில் இடம் இல்லை.

ஒரு தடவை, கணவரோடு சேர்ந்தால் அதன் பிறகு உதிரம் படுகிறது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல நான் எத்தனை நாள் தைரியம் சேர்த்தேன் என்பது பெண்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே, “கொஞ்ச நாளைக்கு அதெல்லாம் வேண்டாம்னு வீட்டுக்காரர்ட்ட சொல்லும்” என்று உரக்கச் சொன்னார். ஸ்டூலில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பை வாய்ப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொடுக்கிற முக்கியமான அடையாளம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த அடையாளத்துக்குத்தான் அவர் எனக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார்.

கடைசியில் ஆலையில் வைத்து விழுந்தேன். பருப்பு எடை போட்டுக்கொண்டிருந்தேன், கால் வழியாகச் சூடாக இறங்கியது. தோல் உரிக்கிற பெண்கள் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்று, லோடு ஏற்றுகிற ஆண்கள் பார்க்காதபடி மறைத்தார்கள். ஒருத்தி சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டாள். அவர்களே ஆட்டோ பிடித்து, அந்தக் கிளினிக்குக்கு அல்லாமல், புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிற ஒரு ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தது இளம் டாக்டர் ஒருத்தி. என் கதையை முழுக்கக் கேட்பதற்கு முன்பே, மேசையில் ஏறிப் படுங்கள் அக்கா என்றாள். வாத்தின் அலகு போல ஒரு கருவியை உள்ளே வைத்து விரித்து, விளக்கை அடித்துப் பார்த்தாள். விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். இதற்கு முன்னால் யார் பார்த்தார்கள் என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றேன். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்ட விதத்தில் அவளுக்கும் கோபம் வந்தது என்று தெரிந்தது.

நகக்கண் அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் பயாப்சி. முடிவு வருகிறவரை நான் தினமும் ஆலைக்குப் போனேன், சமைத்தேன், ஜெனிஷாவுக்குத் தலை பின்னினேன். முடிவு வந்த அன்று டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினாள். கருப்பையைத் தலைகீழாகத் தொங்கும் சுரைக்குடுக்கை என்று வைத்துக்கொண்டால், அதன் கழுத்துதான் கருப்பை வாய். என் கட்டி அந்தக் கழுத்தில் முளைத்து, பக்கத்துத் திசுவுக்குள்ளும் கால் வைத்துவிட்டது. இரண்டாம் நிலையின் பின்பகுதி என்றாள். கழுத்துக்குள்ளேயே நின்றிருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம். இப்போது அறுவை உதவாது. வாரத்தில் ஐந்து நாள் வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரம் ஒரு நாள் கீமோ, கடைசியில் உள்ளே குழாய் வைத்துக் கதிர்வீச்சு.

எதனால் வந்தது என்று கேட்டேன். ஹெச்பிவி என்ற வைரஸ் என்றாள். உறவின் வழியாகப் பரவுவது. உறவு வைத்துக்கொள்ளும் ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது அது வந்து, அவர்கள் அறியாமலே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டு, பத்துப் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கான்சராக மாறும்.

அவள் ஆறுதலுக்குத்தான் அந்த வருடக் கணக்கைச் சொன்னாள். எனக்கு அங்கேதான் தலை சூடானது. பத்துப் பதினைந்து வருடம். அதற்குள் எந்த ஒரு நாளிலாவது ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் போதும், கான்சர் ஆவதற்கு முன்பே அந்த இடத்தைச் சுட்டுக் கருக்கி அனுப்பியிருப்பார்கள். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

எட்டிப் பார்க்க ஆள் வராமலும் இல்லை. சில வருடம் முன்பு அரசாங்க நர்சுகள் எங்கள் ஆலைக்கே வந்தார்கள். காடி போன்ற ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும், ஐந்து நிமிட வேலை, வலிக்காது என்று நன்றாகவே விளக்கினார்கள். மேனேஜர் அவர்களுக்குச் சாக்கு அடுக்குகிற அறையைக் கொடுத்தார். அந்தக் கதவுக்குக் கொண்டி கிடையாது. லோடுக்காரர்கள் அந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். பெண்கள் எழுந்து போய்க் கதவைப் பார்த்தார்கள், திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நானும்தான். மத்தியானம் நர்சுகள் போனதும் மேனேஜர் சொன்னார், நம்ம பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று. எங்கள் நாட்டில் கதவுக்குக் கொண்டி இல்லாததற்குப் பெயர் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லாதது.

வில்சனுடைய அக்கா சரோஜம் மைனி இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். விவரம் தெரிந்த அன்று சாயங்காலம் வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார், ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்து கண்ணைத் துடைத்தபடி, “இது எப்படி வருமாம் ஷீபா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். ஃபோனில் தேடிப் பார்த்தாராம். பல பேரோடு பழக்கம் உள்ளவர்களுக்கு வரும் என்று போட்டிருந்ததாம். “நீ அப்படியில்லன்னு எனக்குத் தெரியும் மக்கா. ஆனா ஊரு அப்படியா பாக்கும்? கர்ப்பப்பைல ஒரு கட்டின்னு மட்டும் சொல்லிருவோம்” என்றார். வில்சன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மைனி படித்தது ஃபோனில் மட்டும் இல்லை. எனக்கு எம்ஆர்ஐ எடுத்த ஸ்கேன் சென்டர் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான காரணங்கள்: பலருடன் உறவு, சுத்தமின்மை, இளவயதுத் திருமணம். கீழே ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் படம். ஆணின் படம் எங்கும் இல்லை. காத்திருந்த நேரம் முழுக்க வில்சன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திருமணம் ஆனது இருபத்தைந்து வயதில். நான் ஒரே ஒரு மனிதனோடு வாழ்ந்தவள். அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்து, எப்படி நிரூபிப்பது என்றுதான் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதிர்வீச்சு நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். அதில் வலி இல்லை. இயந்திரம் சுற்றிவரும், நாம் அசையாமல் கிடக்க வேண்டும். இடுப்பில் மையால் கோடு போட்டிருப்பார்கள், குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் என்னவென்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் மேலே விலகிக் கதிரிலிருந்து தப்பும். நான் பேருந்தில் வரும்போதே தண்ணீர் குடித்துக்கொண்டு வருவேன். திற்பரப்பு அருவியில் நிறையத் தண்ணீர் விழுகிற காலம் அது. அங்கே குளிக்க வருகிறவர்களின் வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, அத்தனை பேரையும் மனதுக்குள் ஏசிக்கொண்டு இருப்பேன்.

கீமோ நாளில் நாக்கில் இரும்பு ருசி. இரண்டாம் வாரத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. வில்சன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் கஞ்சி அடிப்பிடித்தது. பிறகு தேறினார். சுட்ட தேங்காயும் வற்றல் மிளகாயும் வைத்துச் சம்மந்தித் துவையல் அரைப்பார். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனபோது என் துணியை எல்லாம் அவர்தான் துவைத்தார். ஜெனிஷா தானே தலை பின்னிப் பள்ளிக்கூடம் போனாள், கோணல் வகிடோடு. ஆலைப் பெண்கள் முறை வைத்து இளநீர் கொண்டுவந்தார்கள். பில்லுக்கு அரசுக் காப்பீடு பாதி தாங்கியது, மீதிக்கு வில்சன் என்னிடம் கணக்குச் சொல்லவே இல்லை. இவ்வளவும் உண்மை. இவ்வளவு செய்த மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதும் உண்மை. அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கதிர்வீச்சு அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு உண்டு. அங்கேதான் பகவதி அக்காவைச் சந்தித்தேன். பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரக் குடும்பம். வயது அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மருமகள் கூட்டிக்கொண்டு வருவாள். அவருக்கும் இதே நோய், என்னைவிட முற்றிய நிலை. நன்றாகச் சிரித்துப் பேசுவார். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வரிசையில் முன்னால் போகிறவர்களைத் திட்டுவோம்.

ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். விலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு அவருக்கு உதிரம் பட ஆரம்பித்திருக்கிறது. “நின்னு போன குளி திரும்ப வந்துட்டுன்னு நெனச்சேன், ஏட்டி. இந்த வயசுலயான்னு மருமவ சிரிப்பால்லா. அதான் சொல்லல்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணு வருசம் சாமி ரூமுக்குள்ள போகல்ல. தீட்டோட எப்பிடிப் போறது? முற்றத்துல நின்னே கும்பிட்டேன். இது தீட்டில்ல, தீனம்னு தெரிஞ்சிருந்தா உள்ள போயிருப்பேனே.”

மாதவிலக்கு முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அது விலக்கு கிடையாது, உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு வரியை அவருக்குச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. தீட்டைப் பற்றிச் சொல்ல மட்டும் பிறந்த நாளிலிருந்து ஆள் இருந்திருக்கிறது.

நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். அதே பெஞ்சில் வில்சனும் நானும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர். வயிறு வெடிக்கிற நிலையில் இருந்தேன். வில்சன் தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“ஷீபா, நான் மஸ்கட்ல இருக்கும்போ ரண்டு மூணு தடவ தப்பு பண்ணிருக்கேன். நான் கொண்டு வந்து ஒனக்குத் தந்ததுதான் இது.”

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்து அவர் யோசித்தது அவரைப் பற்றி. மைனி என் வீட்டில் வந்து என்னிடம் எப்படி வந்தது என்று கேட்டபோது, அவர் கதவருகில் நின்றது இதை மனதில் வைத்துக்கொண்டு. எனக்கு அது உறைக்கிற அதே நேரத்தில் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“இப்பம் சொல்லாதீங்க. நான் மெஷின்ல ஏறணும்” என்றேன். என் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

உள்ளே கோடுகளைச் சரிபார்த்துவிட்டு, அசையாதீங்க அக்கா என்று சொல்லிக் கதவை அடைத்தார்கள். அழுதால் வயிறு குலுங்கும், கோடு விலகும், கதிர் வேறு எங்காவது படும். நான் அழவில்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, மூத்திரத்தையும் அழுகையையும் சேர்த்து அடக்கிக்கொண்டு கிடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபமாக நான் இருந்ததில்லை, அவ்வளவு அசையாமலும் இருந்ததில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் போய் நின்றேன்.

அவர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்ததுதானா என்று மறுநாள் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். இருக்கலாம். திருமணத்துக்கு முன்பே அவரிடம் இருந்திருக்கவும் கூடும். எப்போது, யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு சோதனையும் இல்லை. இந்த வைரசை வைத்து ஒருவருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. நான் தலையாட்டினேன். அறிவுக்கு அது விளங்கியது. ஆனால் தீர்ப்பு எழுத முடியாத நோய்க்குத்தானே என் மேல் மட்டும் எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள்.

கடைசிக் கட்டம் உள்கதிர்வீச்சு. முதுகில் மரத்துப் போகிற ஊசி போட்டு, கருப்பை வாய்க்குள் மெல்லிய குழாய்களை வைப்பார்கள். அந்தக் குழாய் வழியே கதிர்ப் பொருள் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போகும். குழாயை எடுக்கும்போது நான் கத்தினேன். கத்தலாம், இங்கே எல்லாரும் கத்துவார்கள் என்று நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாரும் எழுதுவதில்லை என்பதால். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உள்ளே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க ஒரு மழமழப்பான குழாயைக் கொடுத்து, வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தருவார்கள். வெட்கப்பட்டு அதை அலமாரியில் வைத்துவிட்டால், பிறகு டாக்டர் பரிசோதிக்கக்கூட வழி இருக்காது. மாதவிலக்கு ஒரே வெட்டாக நின்றது. நடுக்குளிரிலும் உடம்பு தீப்பிடிக்கும். இது எல்லாம் குணமானவர்களுடைய கதை.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை என்றார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் பகவதி அக்காவுக்கு ஃபோன் செய்தேன். மருமகள் எடுத்தாள். அவர் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. கடைசி நாட்களில் அவரைச் சாமி அறைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்ததாகச் சொல்லி அழுதாள்.

ஆலைக்கு மறுபடி வேலைக்குப் போன முதல் வாரமே, கொண்டி போட்ட அறை தராமல் இனி ஒரு பெண்ணையும் முகாமுக்கு அனுப்ப மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அடுத்த முகாமுக்கு அவர் தன் சொந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். பெண்கள் வரிசையாகப் போனார்கள். விழிப்புணர்வு ஒரே நாளில் வந்துவிட்டது.

அதற்குள் ஜெனிஷா ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி இலவசமாகப் போடப் போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அழைப்பு வருவதற்கு முன்பே வாட்ஸாப்பில் எல்லாம் வந்துவிட்டது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் ஜனத்தொகையைக் குறைக்கச் செய்கிற சதி, இன்னும் என்னென்னவோ. சரோஜம் மைனி வீட்டுக்கு வந்து, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி போடுவது கெட்டு நடக்க லைசென்ஸ் கொடுப்பது போல என்றார். என் உடம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வில்சனும் தயங்கினார். உனக்கு என்ன நோய் என்று இன்னும் பலருக்குத் தெரியாது, இப்போது பிள்ளைக்கும் போட்டால் ஊர் முடிச்சுப் போடும் என்றார். போடட்டும், நான் கூட்டத்துக்குப் போகிறேன் என்றேன். அவரும் பைக்கை எடுத்தார்.

கூட்டத்தில் சுகாதார நிலையத்து டாக்டர் விளக்கினார். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன், அதனால்தான் இந்த வயது என்றார். ஊசி போட்ட பிள்ளைகளும் பெரியவர்களானபின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். ஒரு தாய் எழுந்து, முன்பு எங்கோ பெற்றோரிடம் சரியாகக் கேட்காமலே ஊசி போட்டுப் பிரச்சினையாயிற்றே, சில பிள்ளைகள் செத்தார்களே என்று கேட்டாள். டாக்டர் மழுப்பவில்லை. அந்தச் சாவுகள் ஊசியால் வந்தவை என்று விசாரணையில் தெரியவில்லை, ஆனால் கேட்காமல் போட்டது தப்பு, அதனால்தான் இன்று உங்களைக் கேட்கிறோம் என்றார். அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவள் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதன் பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. ஒழுக்கமாக வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி எதற்கு, தேவைப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். எனக்கு இந்தக் கான்சர்தான் வந்தது, நானும் ஒழுக்கமான வீட்டில்தான் வளர்ந்தேன் என்றேன். கருப்பை வாய் என்ற வார்த்தையை அந்த ஹாலில் உரக்கச் சொன்னேன். அவர் பதறி, உங்களைச் சொல்லவில்லை சகோதரி என்றார். எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் தாழ்த்திப் பக்கத்திலிருப்பவளிடம், “பின்ன எப்படி வந்துதாம்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. இன்னும் நிறையப் பேருக்குக் கேட்டிருக்கும்.

மற்ற அப்பாக்கள் எல்லாரும் கடைசியில் சுவரோடு நின்றிருந்தார்கள். அங்கேயிருந்து வில்சன் குரல் வந்தது.

“எனக்கிட்டயிருந்து வந்தது. அவளுக்கு வேற எங்கயிருந்து வரும்?”

வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார். வில்சன் வெளியே போய் பைக்கின் பக்கத்தில் நின்றார். நான் வந்ததும் வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கு வரும் வழியில் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. ஹாலில் சொன்னதை, மைனி ஜெபம் பண்ணி முடித்த அந்தச் சாயங்காலமே அவர் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மைனி அவரிடம் பேசுவதில்லை. குடும்ப மானம் போய்விட்டதாம். என் மானம் போனபோது பழம் வாங்கி வந்தவர்.

கூட்டத்தில் நடந்தது மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி ஜெனிஷாவின் காதுக்கு வந்தது. அவள் எங்கள் இருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பள்ளியில் ஊசி போட்ட அன்று அவளுக்குக் காய்ச்சல். அதனால் இன்னொரு நாள் சுகாதார நிலையத்துக்கே நாங்கள் மூவரும் போனோம். நர்ஸ் அவள் கையில் ஊசி போட்டு, தலைசுற்றல் ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரச் சொன்னாள். அவளை நடுவில் வைத்து நானும் வில்சனும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நர்சைக் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், பயலுகளுக்கு எப்பம் போடுவீங்க?”

இப்போதைக்குப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது மக்களே, ஆண்பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வெளியே பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னாள்.

“கொண்டு வாறது அவங்களும்தானே? பின்ன ஊசி எங்களுக்கு மட்டும் எதுக்கு?”

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நர்சையே பார்த்துக் கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். வில்சன் தலையைக் குனிந்துகொண்டார். அரை மணி நேரம் முடிந்தது, போகலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகும், ஜெனிஷா பதில் வராமல் எழுந்திருப்பதாக இல்லை என்பது போல அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் அவளை எழுப்பவில்லை.